பழைய பேச்சையும் காட்டலாமா?

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு ‘ஃபோன் அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதலில் அடிப்பது அவள் மேஜை ஃபோன்தான். பத்தொன்பது வருஷம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், “கதவத் தள்ளாதீங்க, தரையில உக்காருங்க, ஆள் வந்துட்டே இருக்காரு” என்று சொல்லிச் சொல்லி அவள் குரலே ஒரு மாதிரி பதமாகிவிட்டிருந்தது. வீட்டில் கோபம் வந்தாலும் அதே குரலில்தான் திட்டுவாள். அதனால் புருஷனுக்கு அவள் எப்போது கோபமாக இருக்கிறாள் என்று கண்டுபிடிக்கவே சில வருஷங்கள் ஆனது.

மெக்கானிக்குகளில் மூத்தவரைக் ‘கயிறு அண்ணன்’ என்பார்கள். லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தே இன்னும் எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் தப்பான முகவரி கொடுத்து அவரை ஊரின் அடுத்த கோடிக்கு அனுப்பியபோதுகூட, “பரவால்ல தங்கச்சி, அந்தப் பக்கம் போய் ரொம்ப நாளாச்சு” என்று சிரித்தவர்.

எல்லாம் அவரிடமிருந்துதான் தொடங்கியது. ஒரு நாள் காலை, பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு கர்ப்பிணிப் பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூமிலிருந்து கயிறு அண்ணன் கூப்பிட்டார். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பலகையில் ஏதோ எண் மின்னுகிறதாம். அது எட்டா, மூன்றா, ஆறா என்று அவருக்குப் புரியவில்லை. எண் தெரியாமல் எதையும் தொட முடியாது. அப்போது கம்பெனியில் எல்லாரும் வேலைப் பேச்சுக்கு ஒரு சாட் ஆப் வைத்திருந்தார்கள். அவள், கயிறு அண்ணன், உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் மூவருக்கும் அதில் ஒரு சின்னக் குழு உண்டு. குழுவின் மேல் மூலையில் கேமரா படம் ஒன்று இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. அன்றைக்கு அழுத்தினாள். மூன்று பேர் ஃபோனும் ஒரே நேரத்தில் அடித்தது. அடுத்த நிமிஷம் மெஷின் ரூம் அவள் திரையில் வந்துவிட்டது.

“அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போங்க. நிறுத்துங்க. எட்டு. எட்டு, அப்புறம் ஒரு புள்ளி.”

“எட்டா! கதவு ஸ்விட்ச்சுதான். அவ்ளோதான்.”

பதினொரு நிமிஷத்தில் அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் கயிறு அண்ணன் அந்தக் குழுவில் எழுதினார்: “தங்கச்சி, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொல்றேன். ஆறு மாசமா கண்ணு மங்கலாத்தான் தெரியுது. வீட்டுலகூடச் சொல்லல. இந்தக் கேமரா இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடுவேன்.” அவள் பதிலுக்கு, “நீங்க காட்டுங்க, நான் படிக்கிறேன். யாருக்கும் தெரியாது” என்று எழுதினாள். கிடங்குக்காரர் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைப் போட்டார்.

அதன்பிறகு அவளுக்கு மூளை நிற்கவில்லை. பழுது வரும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தனிக் குழு தொடங்கினாள். கட்டடத்தின் பேர்தான் குழுவின் பேர். அங்கே போகும் மெக்கானிக், விஷயம் தெரிந்த மூத்தவர், கிடங்குக்காரர் என மூவரையும் அதில் சேர்த்தாள். பழுது வந்தால் தேதி குறித்து, இணைப்பு அனுப்பி, காத்திருக்கும் வேலையே இல்லை; குழுவைத் திறந்து கேமராவை அழுத்தினால் கூட்டம் தொடங்கிவிடும். பேசி முடித்த பின் படமும் குறிப்பும் அங்கேயே கிடக்கும். அடுத்த முறை வேறு ஆள் போனாலும் மேலே தள்ளிப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இரண்டாம் முறை வண்டியெடுத்துப் போகும் வேலை பாதியாகக் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் புது மேனேஜர் வந்தார். நாற்பதுகூட ஆகாதவர். வீடியோ கூட்டம் என்றால் மேலே கோட்டு, கீழே ரப்பர் செருப்பு. அதனால் மெக்கானிக்குகள் அவருக்கு ‘கோட்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவரையும் அந்தச் சின்னக் குழுவில் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்கும்போது ஆப் ஒரு கேள்வி கேட்டது: பழைய பேச்சையும் இவருக்குக் காட்டலாமா? அவள் ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள். கயிறு அண்ணன் ரகசியம் பத்திரமாக இருந்தது.

தன் ஏற்பாட்டைக் கம்பெனி முழுக்கக் கொண்டுபோகலாம் என்று அவள் அந்தச் சின்னக் குழுவில் எழுதினாள். கோட்டுக்காரர் பதில் போட்டார்: “விளையாட்டு வேலை வேண்டாம். ஃபோன் எடுப்பது உங்கள் வேலை. மெக்கானிக் வேலை எங்களுக்குத் தெரியும்.” இரண்டு மாசம் கழித்து அவரே, “அந்த வீடியோ விஷயத்தைப் படிப்படியாக எழுதி அனுப்புங்கள். சும்மா பார்க்கத்தான்” என்றார். பைத்தியக்காரி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பதினாலு படியாக, படம் ஒட்டி, அம்புக்குறி போட்டு அதே குழுவில் அனுப்பினாள்.

அடுத்த மாதம் எல்லாக் கிளைகளும் சேர்ந்த திங்கட்கிழமைக் கூட்டம். நாற்பத்திரண்டு பேர் திரையில். கோட்டுக்காரர், “நான் சில காலமாக யோசித்து வந்த ஒரு முறை” என்று தொடங்கினார். திரையில் வந்தது அவளுடைய பதினாலு படி. அம்புக்குறிகூட அதே சிவப்பு. ஐந்தாவது படியில் ‘பழுது நீக்கம்’ என்பதை அவள் அவசரத்தில் ‘பழுத்து நீக்கம்’ என்று அடித்திருந்தாள். அதையும் அந்த மனுஷன் திருத்தாமல் போட்டிருந்தார்.

அவள் மைக்கைத் திறந்தாள். “சார், ஒரு நிமிஷம். இதை முதல்ல நாங்க ஆரம்பிச்சப்போ...”

பேசிக்கொண்டே போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரை நிமிஷம் கழித்துத்தான் திரையின் ஓரத்தில் தன் சதுரத்தைப் பார்த்தாள். வாய் அசைகிறது. மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. அவர் அங்கிருந்தே அவளை ஊமையாக்கியிருந்தார்.

“ஃபோன் அக்கா பக்கம் ஒரே இரைச்சல். மிக்ஸி ஓடுது போல” என்றார் கோட்டுக்காரர். திரை முழுக்கச் சிரிப்புப் படங்கள் பறந்தன.

மிக்ஸி! அவள் அவருடைய அறையிலிருந்து இருபதடி தூரத்தில், அதே அலுவலகத்தில், தன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது.

அன்றைக்கு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. வருஷக் கடைசியில் ‘சிறந்த யோசனை’ என்று கோட்டுக்காரருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்தப் படத்தை அச்சடித்துத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒட்டினார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் தண்ணீர் குடிப்பவள், பாட்டிலை வீட்டிலிருந்தே நிரப்பிக் கொண்டுவரத் தொடங்கினாள்.

அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் தப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர், எதற்கும் அசர மாட்டார்.

“விடும்மா. இந்த மாதிரி ஆளுங்க ஒரே இடத்துல மூணு வருஷத்துக்கு மேல இருக்க மாட்டாங்க. அவனே போயிடுவான்.”

“அவனே போனா எனக்கு என்ன கெடைக்கும்?” என்றாள் துணி மடித்தபடி. “நான்தான் அனுப்பணும். எல்லாரும் பாக்கணும்.”

“என்ன பண்ணப் போற?”

“தெரியல. ஆனா பண்ணுவேன்.”

எட்டு மாதம் கறுவிக்கொண்டிருந்தாள். வெளியே ஒன்றும் தெரியாது. கோட்டுக்காரரைப் பார்த்தால் “வணக்கம் சார்” என்பாள். மைக்கை அடைக்கத் தெரிந்ததைத் தவிர அவருக்கு ஆப் பழகவே இல்லை. கண்டுபிடித்தவர் என்று கேடயம் வாங்கியவருக்குக் கேமரா படம் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது. கூட்டம் என்றால், “அக்கா, கொஞ்சம் ஆரம்பிச்சு விடுங்களேன்” என்று அவள் மேஜைக்கு வந்து நிற்பார். அவளும் சிரித்த முகமாய்த் தொடங்கிக் கொடுப்பாள். கற்றுக்கொடுக்க மட்டும் மாட்டாள். ஒவ்வொரு முறை அவர் வந்து நிற்கும்போதும் உள்ளுக்குள் ஒரு விறகு சேர்ந்தது.

ஒரு வியாழக்கிழமை வந்தார். முகமெல்லாம் பல்.

“அக்கா, நாளைக்குப் பதினோரு மணிக்கு முதலாளியம்மா, ஆறு கிளைத் தலைவர்கள் எல்லாரும் வர்றாங்க. மொத்தக் கிளைக்கும் என்னைப் பொறுப்பாப் போடப் போறாங்க. நம்ம முறையைச் சாட்டுக்குள்ளேர்ந்தே நேரா ஆரம்பிச்சுக் காட்டணும், அப்போதான் எடுப்பா இருக்கும். புதுசா ஒரு குழு போட்டு நீங்களே ஆரம்பிச்சிடுங்க.”

“சரி சார்” என்றாள்.

‘நம்ம முறை’ என்ற சொல் வீடு போகும் வரை காதில் கிடந்து அரித்தது.

மறுநாள் பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் புதுக் குழு எதையும் தொடங்கவில்லை. பழைய சின்னக் குழுவைத் திறந்தாள். முதலாளியம்மாவைச் சேர்த்தாள், ஆறு கிளைத் தலைவர்களையும் சேர்த்தாள். ஆப் கேட்டது: பழைய பேச்சையும் காட்டலாமா? வேண்டாம், சில நாட்கள், முழுவதும் என்று மூன்று பதில்கள். அவள் நினைவிலிருந்தது ஒரே ஒரு வரி: விளையாட்டு வேலை வேண்டாம். அது முதலாளியம்மா கண்ணில் பட வேண்டும். பதினாலு படி பட வேண்டும். அந்தப் ‘பழுத்து’ பட வேண்டும். ‘முழுவதும்’ என்பதை அழுத்தினாள். பிறகு கேமராவை அழுத்தினாள்.

எல்லார் ஃபோனும் அடித்தது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கிடங்குக்காரர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தெரிந்தார். ஏதோ ஒரு மெஷின் ரூமிலிருந்து தலைக்கவசத்தோடு கயிறு அண்ணன் வந்து, “என்னப்பா, பெரிய கூட்டமா இருக்கு” என்று நெளிந்து உட்கார்ந்தார்.

கோட்டுக்காரர் பேசத் தொடங்கினார். முதலாளியம்மா கம்பெனி நிறுவனரின் மகள், ஐம்பது வயது, எதைக் கொடுத்தாலும் அடிக்குறிப்பு வரை படிப்பவர். கோட்டுக்காரர் பேச்சைக் கேட்பதைவிடத் திரையின் வலது பக்கத்தில் கிடந்த சாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் அக்கா அவர் கண்ணையே பார்த்தாள். கண் மேலே போயிற்று. நின்றது. மறுபடி மேலே போயிற்று.

“ஒரு நிமிஷம்” என்றார் முதலாளியம்மா. “‘விளையாட்டு வேலை வேண்டாம். ஃபோன் எடுப்பது உங்கள் வேலை.’ இதை எழுதினது நீங்களா?”

கோட்டுக்காரருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

“அது வந்து... அப்போ சூழ்நிலை வேற மேடம்.”

“இந்தப் பதினாலு படி?”

“டீமா செஞ்சதுதான் மேடம்.”

“டீம்ல உங்களுக்கு மட்டும்தானே கேடயம் குடுத்தோம். ‘பழுத்து நீக்கம்’னு இங்கயும் இருக்கு, நீங்க எனக்குக் காட்டினதுலயும் இருக்கு. அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன், எதைப் பழுக்க வச்சு நீக்குறீங்கன்னு.” ஒரு கிளைத் தலைவர் இருமினார். “சரி. இந்தக் கூட்டத்த விட்டுட்டு வேற குழுவுல நீங்களே ஒரு கூட்டம் ஆரம்பிச்சுக் காட்டுங்க. உங்க முறைதானே?”

கண்ணாடிக் கதவு வழியாக அவர் திரையில் எங்கெங்கோ தடவுவது தெரிந்தது. கடைசியில் ஒரு கேமரா படம் அகப்பட்டது. அழுத்தினார். அது கம்பெனி முழுவதற்குமான குழு. இருநூற்றுப் பத்துப் பேர் ஃபோன் ஒரே சமயத்தில் அலறியது. லிஃப்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தவன், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், கழிவறையிலிருந்தவன் எல்லாரும் என்னவோ ஏதோ என்று சேர்ந்துகொண்டார்கள். திரை முழுக்கத் தலைகள். நடுவில் கோட்டு, வியர்வையோடு.

“அக்கா, இதை எப்படி நிறுத்துறது? கொஞ்சம் சொல்லுங்களேன்!”

இருநூறு பேர் கேட்க அவள் மைக்கைத் திறந்தாள். மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அந்தப் பதமான குரலில் சொன்னாள்:

“உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாதத்தில் முதன்முறையாக அவளுக்கு நெஞ்சு முழுக்க மூச்சு போயிற்று. தேனாய் இனித்தது. அந்த இனிப்பு இரண்டு நிமிஷம் இருந்திருக்கும்.

பெரிய கூட்டம் கலைந்து, சின்னக் கூட்டத்துக்கு எல்லாரும் திரும்பியபோது முதலாளியம்மா இன்னும் படித்துக்கொண்டிருந்தார். குழுவின் தொடக்கம் வரைக்கும் போய்விட்டார்.

“ஆறு மாசமா கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு எழுதியிருக்கிறது யாரு?” என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. “எழுதி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. இவரு இன்னும் மேல ஏறி வேலை செய்றாரா?”

அந்த வரி அங்கே இருக்கிறது என்பதே ஃபோன் அக்கா புத்தியில் இல்லை. கோட்டுக்காரரின் ஒரு வரிக்காகக் கதவைத் திறந்தவள், அதே அறையில் அண்ணன் படுத்திருப்பதை மறந்துவிட்டாள்.

கயிறு அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றினார். முடி வியர்த்து ஒட்டியிருந்தது. “நான்தாம்மா” என்றார். அவளைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. அந்தத் திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அவர் சதுரம் கறுப்பானது.

அன்று பிற்பகலே அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். கண் பரிசோதனை, இரண்டு கண்ணிலும் புரை. அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தது கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தால்தான். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது, செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆனால் கயிற்றில் கைவைக்க அவரை மறுபடி விடவில்லை. மேஜை வேலை கொடுத்தார்கள்: மெக்கானிக்குகள் வீடியோவில் காட்டுவதைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். மேஜை அவள் மேஜைக்கு எதிரே.

கோட்டுக்காரர் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நடைபாதையில் அவர் வந்தால் யாராவது ஒருவன் மிக்ஸி போல ‘டுர்ர்’ என்பான். தண்ணீர் பிடிக்கும் இடத்துப் படத்தில் கேடயத்தின் மேல் யாரோ கேமரா வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார்கள், சிவப்பில். ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு போனபோது அவள் மேஜை முன் நின்றார்.

“இவ்ளோ வன்மமா அக்கா?”

“ஆமா சார்” என்றாள். ஃபோன் அடித்தது, எடுத்தாள்.

அவளை ஒருங்கிணைப்புப் பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள். கதவில் பெயர்ப் பலகை வந்தது. முழுப் பெயர்.

கயிறு அண்ணனிடம் பேச அவளுக்கு மூன்று வாரம் ஆனது. சாப்பாட்டு நேரம். இருவரும் மட்டும்தான். அவர் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சத்தியமா நான் வேணும்னு செய்யல. அந்தாளை மட்டும்தான் நெனச்சேன்.”

“தெரியும்.”

“திட்டிடுங்க அண்ணே. இப்படி இருக்காதீங்க.”

“திட்டி என்ன ஆகப் போகுது? என்னிக்காவது ஒருநாள் யாராவது கீழ இறக்கித்தான் இருப்பாங்க. கண்ணு தெரியாம நான் ஏதாச்சும் ஒண்ணை மாத்தி முடுக்கியிருந்தா? அதுவும் தப்புதான், என் தப்பு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயால சொல்லி எறங்கியிருப்பேன். இருபத்தாறு வருஷம் ஏறினவன். ஆறு கிளைக்காரன் பாக்க எறங்கினேன்.”

அவர் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். அதன் பிறகும் எதிரெதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை சம்பந்தமாக எல்லாம் பேசுவார், சிரிக்கவும் செய்வார். தங்கச்சி என்று மட்டும் கூப்பிடுவதில்லை; எப்படியும் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டார்.

இன்னொரு மாற்றமும் வந்தது. அது தெரிய அவளுக்குச் சில மாதங்கள் பிடித்தது. அவள் இருக்கும் குழுக்களில் மெக்கானிக்குகள் வேலைக்கு வெளியே ஒரு வரி எழுதுவதில்லை. முன்பெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டு ஓனரோடு சண்டை, இன்றைக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று என்னென்னவோ வரும். இப்போது ‘வந்துவிட்டேன்’, ‘முடிந்தது’, ‘பாகம் வேண்டும்’. சுத்தமான குழுக்கள். கிளைத் தலைவர்கள் அதைப் பாராட்டினார்கள்.

ஒருநாள் வீட்டில் அதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“செஞ்சிருக்க வேணாம்னு தோணுதா?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். நாற்பத்திரண்டு பேருக்கு நடுவே சத்தமில்லாமல் அசைந்த தன் வாயை ஒரு தரம் நினைத்துக்கொண்டாள்.

“இல்ல. திரும்ப வாய்ப்புக் கெடச்சாலும் அழுத்துவேன். அந்தாளு விஷயத்துல எனக்கு ஒரு துளி வருத்தம் கெடையாது” என்றாள். துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள். “அதுக்கு முன்னாடி அண்ணனைக் கூப்பிட்டு, நீங்க எழுதினதை முதல்ல அழிச்சிடுங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷ வேலை. அது தோணலையே.”